வேகம் குறைந்தால் திறக்கும் வழி

ரத்தப் பரிசோதனைக்கென்று சிடி அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. உள்ளே தலைமுடி போல் மெல்லிய வாய்க்கால்கள், சிறு குழிகள். பம்ப் கிடையாது, சுழற்ற ஒரே ஒரு மோட்டார். மையத்தருகே விட்ட ரத்தத் துளி விளிம்பை நோக்கி ஓடும். சுழலும் வேகத்தை இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும்.

இதில் என்னை மயக்குவது சைஃபன் வால்வு. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத வால்வு அது! தட்டு வேகமாகச் சுழலும்போது சிவப்பணுக்கள் குழியின் வெளிப்பக்கம் ஒதுங்க, வெளிர்மஞ்சள் பிளாஸ்மா உள்பக்கம் தெளிந்து நிற்கிறது. அங்கிருந்து புறப்படும் வாய்க்கால், மையத்தை நோக்கி ஏறி வளைந்து மறுபடி வெளியே இறங்குகிறது. சுழற்சியின் விசை இருக்கும்வரை பிளாஸ்மாவால் அந்த வளைவைத் தாண்ட முடியாது. வேகத்தைத் தணித்தால், ஈரம் பற்றும் சுவர்கள் நுண்குழாய் விசையால் அதை மேலே இழுத்து வளைவைக் கடத்திவிடுகின்றன. மறுபடி சுழற்றியதும், பின்னாலிருக்கும் பிளாஸ்மாவும் தொடர்ந்து இறங்கி அடுத்த குழியை நிரப்புகிறது. வேகத்தைத் தணிப்பதையே வழி திறக்கும் கட்டளையாக்கிய மூளையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் நார்மன் ஆண்டர்சன் குழு உருவாக்கிய சுழல் பகுப்பாய்வுக் கருவிதான் இந்தத் தட்டின் முன்னோடி. பின்னாளில் வந்த பிக்கோலோ என்ற ரத்தப் பரிசோதனைக் கருவியின் 8 செ.மீ. தட்டுக்கு 100 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும். சுமார் 12 நிமிடத்தில் முடிவுகள் வந்துவிடும்.

இத்தகைய தட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. விளிம்பை எட்டிய திரவத்துக்கு அப்புறம் போக்கிடமில்லை. அதனால் சில தட்டுகளில், வேகமாகச் சுழற்றி ஓர் அறையில் காற்றை அமுக்கிவைக்கிறார்கள். வேகம் தணிந்ததும் அந்தக் காற்று விரிந்து திரவத்தை மையத்தை நோக்கித் திருப்பித் தள்ளுகிறது.