வாளுக்கு உயிர் உண்டா?

சென்ற நோன்பு விடுமுறையில் ராத்தாவின் மகன் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். உயர்தரம் படிக்கிறவன். தராவீஹ் முடிந்து வந்தால் சஹர் வரைக்கும் கைத்தொலைபேசியும் கையுமாக இருப்பான். ஒரு நாள் இரவு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். "மாமா, இந்த வாளுக்கு உசிர் இரிக்கி. கேம் செஞ்சவன் அதச் சொல்லல்ல. நாங்கதான் கண்டு பிடிச்ச."

"நாங்க" என்று அவன் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. ஒரு புனைவை எழுதியவன் சொல்லாமல் விட்டதை வாசிக்கிறவர்கள் கூடிக் கண்டு பிடிக்கிறார்கள். அதற்குச் சான்று காட்டுகிறார்கள், மறுக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். இதற்கு நமது மொழியில் உரை என்றும் விமர்சனம் என்றும் பெயர். நமது சஞ்சிகைகளில் விமர்சனம் எழுத ஆளில்லை என்று நாம் அழுது கொண்டிருக்கையில், இந்தப் பிள்ளைகள் இரவிரவாக அதைத்தான் செய்து கொண்டிருக்கிறார்கள். எனவே அவனோடு இருந்து இந்த விளையாட்டுக் கதைகளை ஓரளவு கேட்டறிந்தேன். சொல்லத் தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

2002இல் வெளிவந்த 'மொறோவின்ட்' என்ற கணினி விளையாட்டில் டுவெமர் என்றொரு இனத்தார் வருகிறார்கள். வருகிறார்கள் என்பதும் பிழை. அவர்களுடைய நகரங்கள் இருக்கின்றன, பித்தளை இயந்திரங்கள் இன்னும் ஓடிக் கொண்டிருக்கின்றன, அவர்கள் மட்டும் இல்லை. ஒரு யுத்தத்தின் நடுவே முழு இனமும் ஒரு கணத்தில் மறைந்து விட்டது. ஏன்? ஒரு தெய்வத்தின் இதயத்தை அவர்களுடைய பொறியியலாளன் தனது கருவிகளால் தீண்டினான் என்பது வரைக்கும் கதை சொல்கிறது. அதற்கப்பால் வாசகர்களின் ஊகம். அவர்கள் தாம் செய்த பித்தளைத் தெய்வத்தின் தோலாகிப் போனார்கள் என்பது ஒரு கட்சி. காலத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது இன்னொன்று. தாம் இல்லை என்ற உண்மையை உணர்ந்ததால் இல்லாமற் போனார்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைக் கேட்டபோது நமது சூபிகளின் 'பனா' ஞாபகம் வந்தது. ஆனால் அந்த ஒப்பீட்டை நான் வலிந்து இழுக்கப் போவதில்லை.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. அந்த விளையாட்டில் டுவெமர் இனத்தில் ஒரேயொருவன் தப்பியிருக்கிறான். நோயில் வீங்கிய உடம்போடு ஒரு நிலவறையில் கிடக்கிறான். அவனைத் தேடிப் போய், "உங்கள் சனத்துக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால், தனக்கும் தெரியாது, தான் அப்போது வேறோர் உலகில் இருந்ததாகச் சொல்கிறான். திரும்பி வந்து பார்த்தபோது எல்லோரும் போய் விட்டிருந்தார்கள். இதை எழுதியவர் கெட்டிக்காரர். சாட்சியைக் கொண்டு வந்து நிறுத்தி விட்டு, அவன் வாயைக் கட்டி விட்டார். இந்த மௌனத்தை மதிக்கிற வாசகன் நல்ல வாசகன். அதை எப்படியாவது அடைத்து விட வேண்டும் என்று துடிக்கிறவன் வேறு வகை.

தமிழில் இந்த இரண்டாம் வகை வாசிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. இறையனார் அகப்பொருள் உரை மூன்று சங்கங்களைச் சொல்லி, அவை 4440, 3700, 1850 ஆண்டுகள் நிலைத்தன என்று கணக்கும் தருகிறது. சிலப்பதிகாரத்துக்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார், கடல் கொண்ட நிலத்தில் பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம் இருந்ததென்றும், அதில் 49 நாடுகள் இருந்தனவென்றும் எழுதினார். மூலத்தில் கடல் கொண்ட செய்தி சில சொற்களில்தான் இருக்கிறது. அளவும் எண்ணிக்கையும் உரைகாரர் தந்தவை.

இது ஒரு பக்கம். மறு பக்கம், 1864இல் பிலிப் ஸ்க்லேற்றர் என்ற ஆங்கில விலங்கியலாளர் லீமர் என்ற விலங்கினம் மடகஸ்காரிலும் அதன் உறவினங்கள் இந்தியாவிலும் காணப்படுவதை விளக்குவதற்காக, இடையில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்று கருதி அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அது ஒரு விலங்கியல் இடைவெளியை நிரப்பப் போட்ட தற்காலிகப் பாலம். அதை பிளவாட்ஸ்கி அம்மையார் 1888இல் 'இரகசியக் கோட்பாடு' நூலில் அதிசய மனிதர்களின் கண்டமாக்கினார். இருபதாம் நூற்றாண்டில் தமிழறிஞர்கள் இவ்விரண்டையும் ஒட்டிக் குமரிக்கண்டம் என்றார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்பது 1960களில் நிறுவப்பட்ட பின்னர், நடுவில் அமிழ்ந்த கண்டம் அறிவியலுக்குத் தேவைப்படவில்லை. நமக்குத்தான் தேவைப்பட்டது. 1981இல் மதுரையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு இதை ஓர் ஆவணப் படமாகவே எடுத்தது. சுமதி இராமசாமி 2004இல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்தக் கதையை முழுமையாகச் சொல்கிறது. இழந்ததாக நம்புகிற ஒன்றுக்காக அழுவதில் ஒரு சமூகம் தன்னை எப்படிக் கட்டிக் கொள்கிறது என்பதை அவர் இரக்கத்தோடுதான் பார்க்கிறார், கேலியோடல்ல. எங்கள் பாடசாலையிலும் ஒரு மாணவி இதைக் கேட்டாள். உரைகாரர் சொன்னது, விலங்கியலார் சொன்னது, நாம் ஒட்டியது என்று மூன்று நிரல் போட்டுக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு அமைதியாகி விட்டது. ஏதோ ஒன்றை அவர்களிடமிருந்து பறித்து விட்ட மாதிரி எனக்கும் இருந்தது.

இவ்வளவும் தமிழரைப் பற்றிய கதைதானே என்று நம்மவர்கள் சாய்ந்து உட்கார வேண்டாம். இரம் நகரத்தை எடுப்போம். அல்குர்ஆனில் அல்பஜ்ர் அத்தியாயத்தில் ஆது கூட்டத்தாரும் தூண்களையுடைய இரமும் மிகச் சில சொற்களில் வந்து போகின்றன. படிப்பினைக்காகச் சொல்லப்பட்டது அது. பிற்காலத்தவர் விட்டார்களா? பொன்னாலும் வெள்ளியாலும் கட்டப்பட்ட மாளிகைகள், மாணிக்கத் தூண்கள், ஓடும் ஆறுகள் என்று நகரம் எழும்பியது. காணாமற் போன ஒட்டகத்தைத் தேடிப் போன ஒருவர் அதைக் கண்ணால் கண்டு, முஆவியாவின் சபையில் வந்து சொன்னாராம். இந்தக் கதையை இப்னு கல்தூன் தமது முகத்திமாவின் தொடக்கத்திலேயே எடுத்துப் பிரித்துப் போடுகிறார். அந்நகரம் இருந்ததாகச் சொல்லப்படும் யெமன் பிரதேசம் மனிதர் இடைவிடாது நடமாடும் இடம், வழிகாட்டிகள் அதன் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர்கள், அப்படியிருக்க அதைப் பற்றி வேறெவரும் சொல்லாதது எப்படி என்று கேட்கிறார். தூண் என்பது கூடாரக் கால்களாக இருக்கலாம் என்கிறார். அந்தச் சொல்லின் இலக்கணத்தை விளக்கப் புகுந்த இடத்தில்தான் இந்தக் கட்டுக்கதை நுழைந்தது என்றும் காட்டுகிறார். இது 1377இல் எழுதப்பட்டது. ரசிகக் கோட்பாடு ஒன்றை ஒரு விமர்சகன் எப்படி அணுக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. வேதத்தை அவர் தொடவில்லை. வேதத்தின் மேல் நாம் கட்டிய மாடியைத்தான் இடித்தார்.

இடித்தும் என்ன? அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1921இல் எழுதிய 'பெயரற்ற நகரம்' கதையில் இரம் பேயுலகின் அயல் நகரமாகிறது. 1992இல் விண்கலப் படங்களின் உதவியோடு ஓமானின் ஷிஸ்ர் என்ற இடத்தில் ஒரு கோட்டையைத் தோண்டிக் கண்டபோது, இரம் கிடைத்து விட்டது என்று பத்திரிகைகள் எழுதின. நம்மூர்ப் பயான்களிலும் அது வந்து விட்டது. 2011இல் வெளியான 'அன்சாட்டட்' விளையாட்டின் மூன்றாம் பாகத்தில் ஒரு வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு இரமுக்குள் இறங்குகிறான். மருமகன் அதையும் விளையாடி முடித்திருக்கிறான். அந்நகரின் பெயர் குர்ஆனில் இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது!

விளையாட்டில் இடைவெளியை நிரப்புவதால் எவருடைய காணியும் போவதில்லை. எங்கள் வாவிக்கரையில் அப்படியல்ல. இங்கே மறைந்த நாகரிகம் என்றால் அடுத்த கணம் காணி உறுதியைத் தேடுவார்கள். 2019இல் இலங்கையின் முதல் செய்மதிக்கு இராவணா என்று பெயர் வைத்தார்கள். மறு வருடம் இராவணனின் ஆகாய விமானம் பற்றிய ஆவணங்களைத் தந்துதவுமாறு சிவில் விமானத்துறை அதிகாரசபை பொதுமக்களைக் கேட்டு விளம்பரம் செய்தது. இதைச் சிரித்து விட்டு விடலாம். ஆனால் அதே 2020 யூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைக்கென ஒரு சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் அமைக்கப்பட்டபோது ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அதைச் சிரித்து விட முடியவில்லை.

நம் வீட்டுக் கணக்கையும் பார்த்து விட வேண்டும். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று உரையாற்றினார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து எழுதினார். அந்த மறுப்பு அவசியமானதுதான், அதன் அரசியலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பின் வந்த நமது வரலாற்றெழுத்து எப்போதும் ஒரு கப்பலையும் ஓர் அரபு மூதாதையையும் தேடிக் கொண்டே இருந்தது. கப்பலில் வந்தவரின் பெயர் இருக்கும். அவரை மணந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கு இந்தத் தமிழைப் பேசக் கொடுத்த உம்மாவின் பெயர் எந்த நூலிலும் இல்லை. தாய்வழிக் குடி சொல்லும் கிழக்கிலே இருந்து கொண்டு இதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

வாளுக்கு வருகிறேன். மேற்கத்திய மிகைபுனைவில் உயிருள்ள வாள் ஒரு பழைய பாத்திரம். பின்லாந்தின் காவியமான கலேவலாவில் குல்லெர்வோ தன் வாளிடம் தன்னைக் கொல்வாயா என்று கேட்கிறான், வாள் பதில் சொல்கிறது. ரொல்கீன் அதை எடுத்துத் தமது தூரினின் கதையில் வைத்தார். மைக்கல் மூர்கொக் 1961இல் தொடங்கிய எல்ரிக் கதைகளில் ஸ்ரோம்பிரிங்கர் என்ற கறுப்பு வாள் ஆன்மாக்களைக் குடிக்கிறது, நண்பர்களையும் குடிக்கிறது, இறுதியில் உடையவனையும் குடிக்கிறது. 'மொறோவின்ட்'டில் அம்ப்ரா என்றொரு வாள். அதை ஏந்துகிறவன் தன் பெயரை விட்டு விட்டு வாளின் பெயரைத் தனக்குச் சூட்டிக் கொள்கிறான். இந்தக் கடைசிக் கற்பனை நல்ல கற்பனை. ஆயுதம் தூக்கியவன் இயக்கத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டு திரிந்ததை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

எங்கள் மூத்தாப்பா படைப்போர் வாசிக்கத் தெரிந்தவர். பேராசிரியர் ம.மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழுக்கே உரிய சிற்றிலக்கிய வகையாகப் படைப்போரைக் கணக்கிட்டார். சக்கூன் படைப்போர், ஐந்து படைப்போர், செய்தத்துப் படைப்போர் என்று அவை பலவுண்டு. இலக்கியமாகப் பார்த்தால் அவற்றில் சலிப்பூட்டும் பகுதிகள் அதிகம். எதிரிகள் வெறும் காகித உருவங்கள், வெட்டுப்பட்டு விழுவதற்காகவே வருகிறவர்கள். ஆயினும் இராகத்தோடு அதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்காது. மூத்தாப்பா புத்தகத்தை மூடி விட்டுத் தன் பங்குக்கும் சொல்லுவார். கைபரில் அலியார் ஓங்கிய வெட்டில் துல்பகார் பூமியையே பிளந்து விடாமல் ஜிப்ரீல் (அலை) இறக்கையை விரித்துத் தாங்கினார்கள் என்பார். பனையளவு நீளும் என்பார். இதுவும் ரசிகக் கோட்பாடுதான். இரு முனை என்று நாம் படத்தில் காண்பதும் ஓவியர் தந்தது. பெயரின் பொருள் முதுகெலும்புக் கணுப்போன்ற வெட்டுகளையுடையது என்பதே.

ஆனால் மூத்தாப்பா சொல்லாமல் விட்ட ஒரு செய்தி சீறாக்களில் இருக்கிறது. துல்பகார் முதலில் நம்முடையதல்ல. பத்ரில் எதிரணியில் நின்று கொல்லப்பட்ட குறைஷி ஒருவனின் வாள் அது. அங்கே வெற்றிப் பொருளாக நபி (ஸல்) அவர்களிடம் வந்து, பின்னர் அலி (ரழி) அவர்களின் கைக்குப் போனது. அந்த வாளுக்கு விருப்பம் என்று ஒன்று இருந்திருந்தால், பத்ரின் காலையில் அது எந்தப் பக்கம் நின்றது? மருமகனிடம் இதைக் கேட்டேன். அவன் நெடுநேரம் யோசித்தான். ஜலாலுத்தீன் ரூமியின் மஸ்னவி முதற் பாகத்தில் வரும் கதையையும் சொன்னேன். அலி (ரழி) வெட்டப் போகும் கணத்தில் எதிரி முகத்தில் உமிழ்கிறான். அவர்கள் வாளைப் போட்டு விடுகிறார்கள். இனி வெட்டினால் அது இறைவனுக்காக அல்ல, தன் கோபத்துக்காக ஆகி விடும் என்பதால். ஸ்ரோம்பிரிங்கரில் பசி வாளுக்கு. இங்கே பசி மனிதனுக்கு, வாள் வெறும் இரும்பு.

வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இன்னுமொரு கதை உண்டு. சூரனை அழித்த வேலிலிருந்து மூன்று கதிர்கள் பிரிந்து உகந்தமலையிலும் திருக்கோவிலிலும் மண்டூரிலும் தங்கின, மண்டூரில் ஒரு தில்லை மரத்தில் இருந்த வேலை வேடர்கள் கண்டு கொத்துப்பந்தலிட்டு வணங்கினர் என்பது அங்குள்ளோரின் ஐதீகம். குருமண்வெளியிலிருந்து பாதையில் ஏறி மண்டூர் போகும்போது ஒரு தமிழ் ஆசிரிய நண்பர் இதைச் சொன்னார். ஆயுதத்துக்கு உயிர் கொடுத்த கதைகளில் இது எனக்குப் பிடித்தது. வேலை முடிந்த ஆயுதம் மரத்தில் போய் இருந்து கொள்கிறது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று கேட்கலாம். எங்கள் பேச்சைக் கவனியுங்கள். "வெடி பட்டு மௌத்து." "ஷெல் வந்து விழுந்திச்சி." "குண்டு வெடிச்சிட்டு." முப்பது வருட யுத்தத்தில் இந்தக் கரையோரத்தில் துவக்குகள் தாமாகவே சுட்டிருக்கின்றன, ஷெல்கள் தாமாகவே வந்திருக்கின்றன. எங்கள் பேச்சில் எழுவாய் இல்லை. பயத்தால் வந்த இலக்கணம் அது, குற்றமில்லை. எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, 1990 ஓகஸ்ற் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டான் முகாமில் தமிழ்க் கிராமத்தவர்களை இராணுவம் கொன்றது. இப்படி எழுவாய் போட்டு எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. நமது சிறுகதைகளிலும் கவிதைகளிலும் துவக்கு பேசுகிறது, குண்டு சிரிக்கிறது, சன்னம் தேடி வருகிறது. உருவகம் என்று பாராட்டியிருக்கிறோம். நானும் பாராட்டி எழுதியிருக்கிறேன். விரலைக் காணவில்லை என்று ஒரு விமர்சகனும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நாமே எழுவாயாகும் முறை வந்தது. அந்தக் கிழமை உம்மா மூத்தாப்பாவின் படைப்போர் புத்தகத்தை, அட்டையில் வாள் படம் இருப்பதால், அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டு விட்டு, மிச்சத்தை அரிசிப் பானைக்குள் வைத்தார். அட்டையோடு முன் பக்கங்கள் சிலவும் போய் விட்டன.

நோன்பு கடைசிப் பத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்து மருமகனிடம் கொடுத்தேன். பழைய அச்சு, சந்தி பிரிக்காத வரிகள், அரபுச் சொற்கள் வேறு. இரண்டு நாள் திணறினான். மூன்றாம் நாள் வந்து, இல்லாத முன் பக்கங்களில் என்ன இருந்திருக்கும் என்று தனக்கொரு யோசினை இருப்பதாகச் சொன்னான். "சொல்லு, ஆனா எந்த வரிய வெச்சிச் சொல்றாய் எண்டும் காட்டு" என்றேன். இன்னும் தேடிக் கொண்டிருக்கிறான்.