ஒரே மாங்காய்: அவர்களுக்குக் குறும்பு, நமக்குத் திருட்டு

பால்யத்தைப் பற்றி எழுதுவது தமிழில் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. வார இதழ்த் தொடர்கள், கட்டுரைத் தொகுப்புகள், சினிமா, '90ஸ் கிட்ஸ்' என்ற பேரில் செல்போனில் சுற்றும் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே பட்டியல்தான். கிணத்துல குதிச்சோம், மாங்கா திருடித் தின்னோம், பெட்டிக்கடையில மிட்டாய் வாங்கினோம், வாத்தியார்கிட்ட அடி வாங்கினோம், பொழுது சாஞ்சப்புறம்தான் வீட்டுக்கு வந்தோம். 'இன்னிக்குப் பிள்ளைகளை அப்படி விட முடியுமா?' என்ற பெருமூச்சோடு எல்லாம் முடியும். இந்த ஏக்கத்துக்கு எவ்வளவு பெரிய சந்தை இருக்கிறது என்பதை 2004இல் சேரனின் 'ஆட்டோகிராஃப்' காட்டிவிட்டது.

பெருமூச்சைக் கேலி செய்வது நம் நோக்கமல்ல. பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை என்பது உண்மை. கேள்வி, இந்தப் பட்டியலில் பேசும் ஆள் யார் என்பதுதான். தமிழ் இலக்கணம் 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் வித்தியாசம் வைத்திருக்கிறது. எதிரில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கிவிட்டால் நாங்கள். பால்ய நினைவு எழுதுகிறவர்கள் 'நாம் எல்லோரும் அப்படித்தானே வளர்ந்தோம்' என்று தொடங்குகிறார்கள். நியாயமாக அவர்கள் எழுதியிருக்க வேண்டியது 'நாங்கள்'.

எங்கள் குந்தாரப்பள்ளி கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன இடம். சுத்துப்பட்டு முழுக்க மாந்தோப்பு. பள்ளிக்கூடம் விட்டால் ஊர்ப் பிள்ளைகளும் தோப்புக்குள் இறங்குவார்கள், காலனிப் பிள்ளைகளும் இறங்குவோம். பறித்தது ஒரே மரத்துப் பெங்களூரா காய்தான். மாட்டிக்கொண்டால் முதல் கேள்வி, 'யார் வூட்டுப் புள்ள?' மற்றதெல்லாம் அந்தப் பதிலில் இருக்கிறது. ஊர்ப் பையன் என்றால் செல்லமாகக் காதைத் திருகி, இன்னும் இரண்டு காயை டவுசர் பையில் போட்டு அனுப்புவார்கள். காலனிப் பிள்ளை என்றால் அன்று சாயங்காலம் அப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தோப்பு வாசலில் நிற்க வேண்டும். மறுநாள் கூலிக்குக் கூப்பிட மாட்டார்கள். அவர்களுடைய பையன் செய்தது குறும்பு, நான் செய்தது திருட்டு. முப்பது வருஷம் கழித்து அவன் அதைக் கட்டுரையாக எழுதலாம். என் அப்பன் அதை எந்தக் கணக்கில் எழுதுவான்?

இது ஒரு ஊர்க்கதை இல்லை. நம் பிரதிகளை வரிசையாக வைத்துப் படித்தால் பழமும் காயும் திரும்பத் திரும்ப வருகின்றன. பாமாவின் 'கருக்கு' (1992) நூலில் பள்ளிக்கூடத்தில் விளையாடும் சிறுமி தென்னை மரத்தில் ஏறுகிறாள். தொட்ட காய் விழுந்துவிடுகிறது. மறுநாள் அவள் தேங்காய்த் திருடி. சாதியைச் சொல்லி விரட்டப்படுகிறாள். சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாள் என்பதே பெரியவர்களின் தீர்ப்பு. மாரி செல்வராஜின் 'வாழை' (2024) படத்தில் விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் பையன் பசி தாங்காமல் தோப்பில் ஒரு பழத்தைப் பறிக்கிறான். அதற்கு அடிபடுகிறான். இரண்டுக்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம். மரம்தான் மாறியிருக்கிறது.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) தலித் அல்லாத ஒருவர் எழுதிய நாவல். அதில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் நீந்துகிறார்கள், பனங்காட்டில் திரிகிறார்கள். ஏக்கக் கட்டுரைக்காரர்கள் கேட்கும் சுதந்திரம் எல்லாம் அந்த மேய்ச்சல் காட்டில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் கவுண்டர் பண்ணையில் ஆளாக விடப்பட்டவர்கள். தேங்காய் திருடியதற்காகக் கூளையனைக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். நாவலாசிரியர் எதையும் மறைக்கவில்லை. நம் சண்டை வாசிப்போடுதான். காட்டையும் கிணற்றையும் 'என்ன அழகான கிராமம்' என்று ருசித்துவிட்டு, தலைகீழாகத் தொங்கும் உடம்பைப் பின்னணிக்குத் தள்ளிவிடுகிற வாசிப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பையன் நீந்தும் கிணறும் ஒரு பையனைத் தொங்கவிடும் கிணறும் ஒரே பண்ணையத்துக் கிணறுதான்.

இனிப் பட்டியலின் மற்றச் சரக்குகளையும் எடுத்துப் பார்ப்போம்.

வாத்தியார் அடி. 'கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிடுங்க சார்' என்று அப்பாக்கள் சொன்னதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். 1995இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் எட்டு வயது தலித் சிறுமி ஒருத்தி, சாதி இந்துப் பிள்ளைகளுக்கென்று வைத்த பானைத் தண்ணீரைக் குடித்தாள். ஆசிரியர் அடித்த அடியில் கண் போய்விட்டது. நமக்கு அந்தக் கண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்தது. 'அடிக்காததால்தான் பசங்க கெட்டுப்போச்சுங்க' என்கிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளையின் முதுகை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்?

கிணத்துக் குளியல். 2018 ஜூன் மாதம் மராட்டியத்தின் ஜல்காவ் மாவட்டம் வாகடியில், கிணற்றில் நீந்தியதற்காக இரண்டு தலித் சிறுவர்களின் துணியை உருவி அடித்தார்கள். அதைப் படமும் பிடித்தார்கள்.

பெட்டிக்கடை மிட்டாய். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம் 'ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கு, உங்களுக்குக் கொடுக்க மாட்டோம்' என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். வீடியோ பரவியதால் கைதானார். இது எந்தப் பொற்காலத்திலும் நடந்ததல்ல, நேற்று நடந்தது.

பட்டியலில் எழுதப்படாத சுதந்திரம் ஒன்றும் உண்டு. அதைத்தான் நாம் எழுத வேண்டும். என் தாத்தா ஒரு தோப்பில் காவலுக்கும் மாட்டுக்கும் இருந்தார். தோப்புக்காரர் வீட்டுப் பையனும் நானும் ஒரே வகுப்பு. பத்து வயசுப் பையன், அறுபது தாண்டிய தாத்தாவைப் பேரைச் சொல்லி, 'டேய், மாட்டை அவுத்து வுடுடா' என்பான். 'ஆகட்டும் சாமி' என்பார் தாத்தா. எனக்கு 'டி', தாத்தாவுக்கு 'டா'. வகுப்பில் வாத்தியார் அவனுக்கும் எனக்கும் சேர்த்து ஒருமை பன்மையும் மரியாதைப் பன்மையும் சொல்லிக் கொடுத்தார். அவனுக்கு அது பரீட்சைக்கு மட்டும்தான் தேவைப்பட்டது.

இன்றைக்கு அப்படிக் கூப்பிட முடியாது. 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் சாதியை வைத்து இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. சட்டம் புத்தகத்தில் இருந்து எங்கள் தெருவுக்கு வந்துசேரப் பல வருஷம் பிடித்தது. அதைவிட வேகமாக வந்தது கம்பெனி பஸ். 1970களில் ஓசூரில் தொடங்கிய சிப்காட், இன்று எங்கள் பக்கத்துக் குருபரப்பள்ளி வரை வந்துவிட்டது. காலனிப் பிள்ளை கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. தோப்புக்காரர் பேரனும் அதே ஷிப்டில் அதே ஒப்பந்தக் கூலிக்கு நிற்கிறான். சாதி அங்கே செத்துவிடவில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் தெரியும். ஆனால் 'டேய்' என்று கூப்பிட்டால் மாட்டை அவுத்து விட ஓர் ஆள் ஓடிவருவான் என்ற அந்த நிச்சயம் போய்விட்டது.

'அந்தக் காலத்துல எவ்வளவு சுதந்திரமா இருந்தோம்' என்ற பெருமூச்சில் இந்த இழப்பும் கலந்திருக்கிறது என்பதே என் வாசிப்பு. எழுதுகிறவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். ஆனால் சிலர் பெருமூச்சோடு நிற்பதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதியை வைத்துத் தொல்லை செய்ததைப் பள்ளியில் சொன்னதற்காக ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் மாணவர்கள். நாவால் செலுத்திய அதிகாரம் செல்லாமல் போனால் கை அரிவாளைத் தேடுகிறது.

அப்படியானால் நமக்குப் பால்ய ஏக்கமே கிடையாதா? உண்டு. மழை விட்ட சாயங்காலத்து ஈசல், வயல் வரப்பில் பிடித்த நண்டு, சந்தை முடிந்த திடலில் நிலா வெளிச்சத்து ஆட்டம். இவற்றை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை; நாமே எடுத்துக்கொண்டோம். தலித் எழுத்து என்றாலே காயம் மட்டும்தான் என்று எதிர்பார்க்கிற பதிப்பாளர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இந்தச் சந்தோஷத்தை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதே நேரத்தில் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டும் எழுதக் கூடாது. மாங்காயின் புளிப்பையும் எழுதுவோம், மறுநாள் போன கூலியையும் எழுதுவோம்.

தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை பொங்கி வருகிறது. அதில் எந்தத் தெருப் பிள்ளையும் இறங்க முடியாது. இது எல்லோருக்கும் பொதுவான இழப்பு. 'நாம்' என்று உண்மையாகவே எழுத நினைப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். ஆனால் ஆறு சுத்தமான பிறகு எந்தத் துறையில் யார் இறங்குவது என்பதை இப்போதே பேசி முடிவு செய்துவிட வேண்டும் தோழர்களே. பழைய துறைகள் எங்கெங்கே இருந்தன, யார் யாருக்கு இருந்தன என்பது நமக்கு நல்லாவே ஞாபகம் இருக்கிறது.