பாரதக் கூத்தும் ஊரார் புரவும்

தெருக்கூத்தைப் பற்றி எழுதுவோர் அதன் தொன்மையைப் புகழ்ந்து அமைவர். அன்றேல் பாடல்களில் யாப்புப் பிழை காட்டி அதனைப் புறந்தள்ளுவர். இவ்விரு நெறியும் கூத்து நூலைத் தனித்து நிற்கும் ஏடாகக் கொண்டமையின் விளைந்தன. அதனைப் புரந்த ஊரையும் உடன்வைத்து நோக்கினாலன்றி அதன் அமைதி புலப்படாது என்பதே ஈண்டு யாம் நிறுவ முயல்வது.

வேப்பம்பட்டு முதலிய திருவள்ளூர் வட்டாரச் சிற்றூர்களையும் அகத்தடக்கிய தொண்டை மண்டலத்தில் இக்கூத்துத் திரௌபதியம்மன் விழாவோடு பிணைந்தது. ஊரார் வீடுதோறும் வரி தண்டி, வாத்தியாருக்குத் தாம்பூலம் வைத்து, அவர்தம் ஜமாவை அழைப்பர். பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் விரிப்பார். இரவில் அக்கதையின் ஒரு பகுதி விடியுமளவும் கூத்தாக நிகழும். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் எனத் தொடர்ந்து அது பதினெட்டாம் போரில் முடியும். மறுநாட் காலையில் மண்ணாற் சமைத்த துரியோதனன் பேருருவின்முன் படுகளம் நிகழும், திரௌபதி கூந்தல் முடிப்பாள், பின்னர்த் தீமிதி.

வில்லியார் நூல் பத்துப் பருவங்களோடு, சௌப்திக பருவத்தில் நிற்றல் அறிஞர் அறிந்ததே. விழாவும் ஏறத்தாழ அவ்வெல்லையிலேயே நிற்கின்றது. ஆதலின் பகற் பிரசங்கமும் இராக்கூத்தும் வேறுவேறு கலைகள் ஆகா. ஒரு காப்பியத்தை ஓர் ஊர் கேட்டும் கண்டும் பயிலும் ஒரே ஏற்பாட்டின் இரு கூறுகள் எனல் தகும்.

இனி, ஒரு செய்தியே விருத்தமாகவும் தருவாகவும் வசனமாகவும் மும்முறை வருதலைக் கூறியது கூறல் என்னும் குற்றமாகச் சாட்டுவர். அச்சு நூலைப் படிப்பார்க்கு அது குற்றமே. ஆயின் திறந்தவெளியில், உறங்கியும் விழித்தும் விடியுமளவும் இருக்கும் அவைக்கு அஃது இன்றியமையாதது. செய்யுட் பயிற்சி உடையார் விருத்தத்தைத் துய்ப்பர்; இசை விழைவார் தருவைத் துய்ப்பர்; இவ்விரண்டிலும் தவறவிட்டதை யாவரும் வசனத்தில் பெறுவர். எல்லா வீடும் வரி தந்த கூத்து எல்லார்க்கும் விளங்குதல் வேண்டுமன்றோ? கட்டியக்காரன் வேந்தனை வினாவி அவனைத் தானே தன்னை உரைக்கச் செய்வதும் இந்நோக்கம் பற்றியதே.

கூத்துக் காப்பியத்தின் நிழல் மட்டுமன்று என்பதற்குக் கர்ண மோட்சம் சான்றாகும். வில்லியார் பாடாத பொன்னுருவி இதன்கண் கர்ணன் மனைவியாக வருகின்றாள். தேரோட்டி மகனென அவனை இகழ்ந்த அவள், அவன் போருக்கு விடைகொள்ளும் பொழுதே அவன் பிறப்பறிந்து இரங்குகின்றாள். களத்தில் நிகழ்வதாகக் காப்பியம் காட்டிய குலவிழிவைக் கூத்து இல்லத்தினுள் கொணர்ந்து காட்டுகின்றது. பகலிற் கேட்ட கர்ணனை இரவிற் காண்போர், கொடையாளியை மட்டுமன்றி, மனைவியாலும் மதிக்கப்படாத ஒருவனையும் காண்கின்றனர்.

இம்மரபைத் தலைமுறைதோறும் காத்துவரும் குழுக்களுள் செய்யாற்றுப் பகுதியைச் சார்ந்த புரிசைக் குழு குறிப்பிடத்தக்கது. துரைசாமித் தம்பிரானும் அவர் மைந்தர் கண்ணப்பத் தம்பிரானும் அதனை வளர்த்தனர். 1977-இல் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்த ந. முத்துசாமி, புரிசைக் கூத்தைத் தற்கால நாடகத்திற்கு ஊற்றாகக் கொண்டார். நகரரங்கு இக்கலைக்குப் புகழ் தந்தது உண்மை. எனினும் இரவு முழுவதும் ஆடற்குரியதை ஓரிரு மணிக்குச் சுருக்குங்கால், மும்மடி அமைப்பே முதலிற் குறைபடும். பகற் பிரசங்கமோ அறவே விடுபடும். எஞ்சுவது ஆட்டமும் ஒப்பனையுமே.

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையை ஒட்டிய ஊர்கள் புறநகர்களாய் மாறிவரும் இந்நாளில், வீட்டுவரியால் வாழ்ந்த கலைக்குப் புரவலர் யாவர் என்பது ஆராய்ச்சியாளர்க்கும் உரிய வினாவாகும். கூத்தேடுகளைப் பதிப்பிப்போர் பாடலோடு நில்லாது, ஊரின் வரிக்கணக்கையும், நாள் நிரலையும், அவ்வந்நாளிற் பிரசங்கியார் எடுத்தோதிய செய்யுட்களையும் உடன்பதிதல் வேண்டும். அவையின்றிப் பதிப்பிக்கப்படும் கூத்து நூல் பாதி நூலே என்பது எம் துணிபு.