ஒபாமாவின் அறிவிப்பும் திருச்சபைகளின் மறுமொழியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராயிருந்த பராக் ஒபாமா, 2012ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் ஏபிசி தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், ஒரே பாலினத்தைச் சார்ந்த இருவர் திருமணம் செய்துகொள்ள உரிமை பெறவேண்டும் என்பதே தமது கருத்து என அறிவித்தார். பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர் ஒருவர் இவ்வாறு அறிவித்தது அதுவே முதல் முறையாகும். சட்டம் எதனையும் அவர் அன்று முன்மொழியவில்லை. அந்தந்த மாநிலம் தீர்மானிக்கட்டும் என்றே கூறினார். ஆயினும் அவ்வறிவிப்பைத் தொடர்ந்து எழுந்த ஆரவாரம் பெரிது. அதனிடையே திருச்சபைகளின் குரல் எவ்வாறு ஒலித்தது என்பதை மட்டுமே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ஒரே பாலின உறவு பற்றித் திருமறை யாது கூறுகிறது என்னும் முழு வினாவை ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. அது தனி ஆய்வுக்குரியது.

அறிவிப்பு வெளிவந்த சூழ்நிலையை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். மே 6ஆம் நாள் ஞாயிறன்று துணைத் தலைவர் ஜோ பைடன் இத்தகைய திருமணங்களில் தமக்கு எவ்விதத் தயக்கமும் இல்லையெனத் தொலைக்காட்சியில் கூறிவிட்டார். மே 8ஆம் நாள் வட கரோலினா மாநில மக்கள், ஆணும் பெண்ணும் செய்யும் மணமே செல்லும் என்ற திருத்தத்தை 61 விழுக்காடு வாக்குகளால் தங்கள் மாநில அரசியலமைப்பில் சேர்த்தனர். அத்திருத்தத்தை ஆதரித்துச் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வெளிவந்தன. அவற்றில் தோன்றியவர் 93 வயதான பில்லி கிரகாம். அதற்கு மறுநாளே ஒபாமா பேசினார்.

அவர் கூறிய காரணங்கள் இருவகைப்பட்டன. தம்மிடம் பணியாற்றுவோரிலும், நாட்டிற்காகப் போரிடும் வீரர்களிலும், தம் புதல்வியரின் தோழர்களுடைய பெற்றோரிலும் இத்தகையோர் இருப்பதைக் கண்டு தம் எண்ணம் மாறியதென்றார். இது அனுபவத்தைச் சார்ந்த காரணம். அடுத்ததாக, தாமும் தம் மனைவியாரும் கிறிஸ்தவர்கள் என்பதை நினைவூட்டி, தங்கள் விசுவாசத்தின் வேராக இருப்பவை கிறிஸ்து நமக்காகத் தம்மையே பலியாக ஈந்ததும், பிறர் நம்மை எவ்வாறு நடத்த விரும்புகிறோமோ அவ்வாறே நாமும் பிறரை நடத்தவேண்டும் என்னும் பொன்விதியுமே என்றார். திருச்சபைகள் ஆராய்ந்திருக்க வேண்டிய பகுதி இது. நாட்டின் தலைவர் ஒருவர், மறுக்கப்பட்டுவந்த ஓர் உரிமையைச் சிலுவையின் பெயராலும் மலைப்பிரசங்கத்தின் பெயராலும் வழங்க முற்படுகிறார். இவ்விளக்கம் சரியா, தவறா? இதற்கு மறுமொழி கூறும் பொறுப்பு இறையியலாருடையது.

வந்த மறுமொழிகளோ வேறாயிருந்தன. செய்தித்தாள்கள் வாக்குக் கணக்கைப் போட்டன. காலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில், இவ்வறிவிப்பால் தங்கள் வாக்கு மாறாது என்றோர் 60 விழுக்காட்டினர். பிராங்க்ளின் கிரகாம், குடியரசுத் தலைவர் மணத்தை ஏற்படுத்திய கடவுளுக்கு எதிராகவே கையோங்கினார் என்னும் பொருள்பட அறிக்கை விடுத்தார். உரோமன் கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலைவர் கர்தினால் டோலன் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மற்றொரு பக்கத்தில் ஆதரவாளர்கள் இது வரலாற்றின் வெற்றி எனக் கொண்டாடினர். எதிர்த்தோருள் பலர் பொன்விதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை; ஆதரித்தோருள் பலர் அதனை விளக்கமே தேவையற்ற முடிவாக எடுத்துக்கொண்டனர்.

பொன்விதி அத்துணை எளிதன்று. நான் விரும்புவதைப் பிறனுக்குச் செய்தல் என்று மட்டும் அதனைக் கொண்டால், என் விருப்பமே நன்மையின் அளவுகோல் ஆகிவிடும். தவறானதை விரும்புகிறவன் தவறானதையே பிறனுக்கும் செய்வான். மத்தேயு நற்செய்தியில் அது நியாயப்பிரமாணத்தின், தீர்க்கதரிசனங்களின் முழுப்பொருளாகக் கூறப்படுகிறது. பிறரைக் குற்றவாளியெனத் தீர்ப்பதைப் பற்றிய எச்சரிக்கையும் அதே அதிகாரத்தில்தான் அமைந்துள்ளது. எனவே ஒபாமாவின் வாதம் முழுமையானதன்று என்பது என் கருத்து. ஆனால் முழுமையற்ற வாதத்தை மறுக்க வேண்டியவர்கள் அதனை நிறைவுசெய்து காட்டியிருக்க வேண்டும். அதை விடுத்து அரசியல் தந்திரம் என்று ஒதுக்கிவிட்டனர்.

தந்திரம் என்னும் இக்குற்றச்சாட்டைச் சற்று நின்று நோக்குவது நன்று. 1996இல் இல்லினாய் மாநில மேலவைக்குப் போட்டியிட்டபோது ஒபாமா ஒரு வினாத்தாளுக்கு விடையளிக்கையில் ஒரே பாலினத்தவர் மணத்தைச் சட்டமாக்குவதை ஆதரித்திருந்தார். 2008 ஆகஸ்டில் ஆயர் ரிக் வாரன் சேடில்பேக் திருச்சபையில் நடத்திய கூட்டத்திலோ, மணம் ஆணும் பெண்ணும் இணைவது என்றும், கிறிஸ்தவராகிய தமக்கு அது புனிதமான இணைப்பு என்றும், அதில் கடவுளுக்கு இடமுண்டு என்றும் கூறினார். கூடியிருந்தோர் கைதட்டினர். அவருடைய நெருங்கிய ஆலோசகர் டேவிட் ஆக்சல்ராட் 2015இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், கறுப்பினத் திருச்சபைகளின் எதிர்ப்பைக் கருதியே ஒபாமா தம் உண்மைக் கருத்தை அக்காலத்தில் மறைத்தார் என்று எழுதினார். ஒபாமா இதனை அவ்வாறே ஏற்கவில்லை. தம் உள்ளத்துணர்வையும் கொள்கை நிலைப்பாட்டையும் ஆக்சல்ராட் குழப்பிக்கொண்டார் என்றார். இவ்விருவர் கூற்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலும், 2008இல் சொன்னது அவர் உள்ளத்தின் முழுமையன்று என்பது தெளிவு.

ஆயின், கடவுளுடைய பெயர் வாக்குக்காக எடுத்தாளப்பட்டது எப்போது? 2012இலா, 2008இலா? முதலாவதைக் கண்டித்த ஆயர்களுள் எத்தனை பேர் இரண்டாவதைக் கண்டித்தார்கள்? அரசியல் தலைவர் நம் பக்கம் நின்று கடவுளின் பெயரைச் சொல்லும்போது அது சாட்சி, மறுபக்கம் நின்று சொல்லும்போது தேவதூஷணம் என்று கொள்ளுவோமானால், மூன்றாம் கட்டளையை நாம் காக்கவில்லை, கட்சியைக் காக்கிறோம். ஒபாமாவும் இக்குற்றத்திலிருந்து தப்ப இயலாது. ஆனால் அவருக்குக் கைதட்டியது திருச்சபை.

சீர்திருத்தத் திருச்சபையினருடைய எதிர்ப்பில் மற்றொரு குழப்பமும் இருந்தது. கர்தினால் டோலன் மணத்தைத் திருவருட்சாதனமாகக் கொள்ளும் மரபைச் சார்ந்தவர். அரசு அதில் கைவைக்கக்கூடாது என்பது அவர் மரபிற்கு இசைந்ததே. நம் மரபோ வேறு. மார்ட்டின் லூத்தர் 1529இல் எளிய ஆயர்களுக்கென எழுதிய திருமண ஒழுங்கு நூலில், மணம் உலகியற் காரியமாதலால் அதனை ஒழுங்குபடுத்துவது குருமாரின் வேலையன்று என்றார். வேண்டுவோருக்கு ஆலயத்தில் ஆசி வழங்கலாம், அவ்வளவே. கால்வின் தம் பெருநூலின் நான்காம் புத்தகத்தில், மணம் கடவுள் ஏற்படுத்திய நல்ல ஒழுங்கு என்பதை ஒப்புக்கொண்டு, உழவும், வீடு கட்டுதலும், செருப்புத் தைத்தலும், முடி திருத்தலும் கூட அவ்வாறே கடவுள் ஏற்படுத்திய ஒழுங்குகள்தாம், அவை திருவருட்சாதனங்கள் ஆவதில்லை என்று வாதிடுகிறார். 1621இல் பிளிமத் குடியேற்றத்தில் நடந்த முதல் திருமணத்தை நடத்தியவர் குடியேற்ற ஆளுநர், ஆயர் அல்லர். அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கமே இது.

லூத்தரும் கால்வினும் இத்தகைய சட்டத்தை ஆதரித்திருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வது நகைப்புக்குரியது. ஜெனீவாவில் கால்வின் திருமணங்களைத் திருச்சபையின் கண்காணிப்பிற்கு உட்படுத்தினார் என்பதும் உண்மையே. ஆனால் அரசு புனிதமானதொன்றைத் திருச்சபையின் கையிலிருந்து பறிக்கிறது என்று கூக்குரலிட்ட சீர்திருத்தத் திருச்சபையார், தங்கள் முன்னோர் எதிர்த்த வாதத்தையே தாங்கள் கையாளுகிறோம் என்பதை உணரவில்லை. ஆயர் ஒருவர் ஆலயத்தில் மணத்தை நடத்தி, அரசின் பதிவேட்டிலும் தாமே கையொப்பமிடுவதால் எழும் மயக்கம் இது. அரசின் அலுவல் ஒன்று, ஆசி மற்றொன்று. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று மணம் நடத்தும் நம் ஆயர்களும் இவ்விரட்டைப் பணியை அறிவார்கள்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டவர்கள் கறுப்பினத் திருச்சபைகளிலேயே இருந்தார்கள். கடுமையான எதிர்ப்பும் அங்கேயே எழுந்தது. காரணம், மணம் என்பது அம்மக்களுக்கு ஏட்டுப்பொருள் அன்று. அடிமை வாழ்வில் அவர்களுடைய மணத்தைச் சட்டம் அங்கீகரிக்கவில்லை. கணவனை ஓர் ஊருக்கும் மனைவியை மற்றோர் ஊருக்கும் விற்கலாம். ஆதலால் மரணம் பிரிக்கும்வரை என்னும் வாக்குறுதியோடு தொலைவு பிரிக்கும்வரை என்பதையும் சேர்த்து ஓதிய போதகர்கள் உண்டு. பின்னர் இனக்கலப்பு மணத்தைத் தடைசெய்த சட்டங்கள் 1967இல் லவிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்படும்வரை பல மாநிலங்களில் நின்றன. அவ்வழக்கின் விசாரணை நீதிபதி, இனங்களைக் கடவுளே வெவ்வேறு கண்டங்களில் வைத்தார் என்று தம் தீர்ப்பில் எழுதினார். ஒபாமாவின் பெற்றோர் ஹவாயில் மணம்புரிந்தது 1961இல். அம்மணம் அந்நாளில் வர்ஜீனியாவில் குற்றமாயிருந்திருக்கும்.

இந்நினைவு இருவேறு முடிவுகளுக்கு இட்டுச்சென்றது. மணவாழ்வைச் சிதைத்த அடிமைத்தனத்திலிருந்து மீண்டு, தந்தையும் தாயும் உள்ள குடும்பத்தைக் கட்டியெழுப்பப் பாடுபட்டோம். இப்போது அதன் பொருளை மாற்றலாகாது என்றனர் ஒரு சாரார். ஆப்பிரிக்க அமெரிக்க ஆயர்கள் கூட்டமைப்பின் தலைவர் வில்லியம் ஓவன்ஸ், குடியுரிமைப் போராட்டத்தோடு இதனை ஒப்பிடுவதே தவறென்று கூறி, ஒபாமாவுக்கு ஆதரவளிக்க வேண்டாமென ஜூலை இறுதியில் வேண்டினார். இவர்களுடைய அச்சத்தை வெறும் வெறுப்பு என்று தள்ளுவது நேர்மையன்று. மறுசாராரோ, எங்கள் மணத்தை மறுத்தவர்களும் திருமறையைக் காட்டியே மறுத்தார்கள் என்பதை மறக்கவில்லை. மே 19ஆம் நாள் மயாமியில் கூடிய என்ஏஏசிபி என்னும் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் ஆட்சிக்குழு, அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் வழங்கும் சமப் பாதுகாப்பின் அடிப்படையில் மண உரிமையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. சிகாகோவில் ஒபாமா முன்னர் வழிபட்டுவந்த திரித்துவ ஐக்கிய திருச்சபையின் ஆயர் ஓட்டிஸ் மோஸ், உடன் ஆயர் ஒருவருக்கு எழுதிய மடலைத் தம் சபையாருக்கு வாசித்தார். குடியரசுத் தலைவரின் சொற்களால் மணம் தாக்கப்படவில்லை. பெண்களைச் சொத்தாக எண்ணிய ஆண்களால் அது நெடுநாளைக்கு முன்னரே தாக்கப்பட்டது. ஆயர்கள் தங்கள் விசுவாசத்தை வாழ்ந்து காட்டட்டும், சட்டமாக்க முயலவேண்டாம் என்பதே அம்மடலின் சாரம்.

ஜூன் மாதம் நியூ ஆர்லியன்சில் கூடிய தெற்கத்திய பாப்திஸ்து மாநாடு தன் முதற் கறுப்பினத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. அடிமை உடைமையாளர் பக்கம் நின்று 1845இல் தோன்றி, அதற்காக 1995இல் மன்னிப்புக் கேட்ட திருச்சபை அது. அக்கூட்டத்திலேயே, ஒரே பாலினத்தவர் மணத்தைக் குடியுரிமைப் பிரச்சினையாகக் கருதலாகாது என்றும் தீர்மானித்தது. எது குடியுரிமை என்று வரையறுக்க அம்மாநாடு சற்றுத் தயங்கியிருக்கலாம்.

நவம்பர் 6ஆம் நாள் மேரிலாந்து மக்கள் 52 விழுக்காட்டு வாக்குகளால் ஒரே பாலினத்தவர் மணத்தை ஏற்றனர். மெயின், வாஷிங்டன் மாநிலங்களும் அன்றே ஏற்றன. மேரிலாந்தில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். அங்கே மவுண்ட் என்னான் பாப்திஸ்து திருச்சபையின் ஆயர் டெல்மன் கோட்ஸ் சட்டத்தை ஆதரித்துப் பேசினார். வேறு பல பாப்திஸ்து ஆயர்கள் எதிர்த்துப் பேசினர். எந்த ஆயரும் தம் மனச்சாட்சிக்கு மாறாக இத்தகைய மணத்தை நடத்தவேண்டியதில்லை எனச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஒபாமாவைப் புறக்கணிக்குமாறு கூறிய ஆயர்களின் வேண்டுகோள் பலிக்கவில்லை. கறுப்பின வாக்காளருள் 93 விழுக்காட்டினர் அவருக்கே வாக்களித்தனர். 2015 ஜூன் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையை நாடு முழுவதற்கும் உரியதாக்கியது.

புளோரிடாவில் நார்த்லாண்ட் திருச்சபையின் ஆயராயிருந்த ஜோயல் ஹன்டர், ஒபாமாவின் ஆவிக்குரிய ஆலோசகர்களுள் ஒருவர். 2012இல் அறிவிப்பை ஒட்டிக் குடியரசுத் தலைவர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். தமக்கு இதில் உடன்பாடில்லை, ஏமாற்றமே என்று ஹன்டர் அவரிடமே சொன்னார், வெளியிலும் சொன்னார், நட்பை முறித்துக்கொள்ளவில்லை. அறிக்கை விட்ட பலரினும் இவர் ஆயருக்குரிய முறையில் நடந்துகொண்டார் என்றே கருதுகிறேன். நான்காண்டுகளுக்குப் பின், 2016 ஜூன் 12ஆம் நாள், அவர் பணியாற்றிய பகுதிக்கு அண்மையிலுள்ள ஆர்லண்டோ நகரில், ஒரே பாலின ஈர்ப்புடையோர் கூடும் விடுதி ஒன்றில் துப்பாக்கி ஏந்திய ஒருவன் 49 பேரைக் கொன்றான். இறந்தோருள் பெரும்பாலோர் இளைஞர். அவ்வாரத்தில் ஹன்டர், அவ்விளைஞருடைய சாவிற்குத் துணைபோன ஏதேனும் தம் உள்ளத்திலும் இருந்ததா என்று தம்மையே சோதித்துப் பார்க்கவேண்டியிருப்பதாக வெளிப்படையாகக் கூறினார்.