அதுவும் அவரும்: ஸ்டார் டிரெக் கேப்டன்கள் பற்றிய ரசிகர் மதிப்பீடுகளும் திணைப் பாகுபாடும்

0. முன்னுரை

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ அறிவியல் புனைவு நெடிய வரலாறு உடையது. ஜீன் ராடன்பெரி உருவாக்கிய முதல் தொடர் 79 பகுதிகளோடு 1969 இல் முடிவுற்றது. பின்னர்ப் பல தொடர்கள் தோன்றின. 1979 முதல் 2016 வரை 13 படங்கள் திரையரங்குகளுக்கு வந்தன. ரசிகர் இதழ்கள் 1967 ஆம் ஆண்டிலேயே வெளிவரலாயின. 1972 இல் நியூயார்க்கில் பெரிய அளவில் ரசிகர் மாநாடு ஒன்றும் கூடியது. அன்றுமுதல் ரசிகர்களிடையே இரண்டு வினாக்கள் ஓயாது எழுப்பப்பட்டு வருகின்றன. கேப்டன்களுள் சிறந்தவர் யார்? படங்களுள் சிறந்தது எது?

இவ்வினாக்களுக்கு ரசிகர்கள் தரும் விடைகளையும் அவற்றின் அளவுகோல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு கேப்டனின் தகுதி, அவர் எதிர்கொள்ளும் அயல் உயிரை எந்தக் கட்டத்தில் ‘அது’ என்பதிலிருந்து ‘அவர்’ என்பதற்கு உயர்த்துகிறார் என்பதில் வெளிப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆங்கில மூலத்தில் பெரிதும் மறைந்துகிடக்கும் இச்செய்தியைத் தமிழின் திணைப் பாகுபாடு வெளிப்படுத்திவிடுகிறது. ஆதலின் இது மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் கருதத்தக்க பொருளாகும்.

1. ரசிகர் அளவுகோல்கள்

முதல் தொடரின் கேப்டன் கிர்க்கை (வில்லியம் ஷாட்னர்) விரும்புவோர் அவருடைய துணிவையும் விரைந்து முடிவெடுக்கும் ஆற்றலையும் போற்றுவர். 1987 முதல் 1994 வரை ஒளிபரப்பான தொடரின் கேப்டன் பிக்கார்டை (பேட்ரிக் ஸ்டூவர்ட்) விரும்புவோர் அவருடைய நிதானத்தையும் கல்வியையும் சுட்டுவர். சிஸ்கோவின் அறச்சிக்கல்களும் ஜேன்வேயின் உறுதியும் பிற அணியினரின் வாதங்களாக அமைகின்றன. ஒருவரைச் செயல்வீரர் என்றும் மற்றவரைச் சிந்தனையாளர் என்றும் வகுப்பதோடு விவாதம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

திரைப்படங்களைப் பொறுத்தவரை இரட்டைப்படை எண்ணுடைய படங்கள் நல்லவை, ஒற்றைப்படை எண்ணுடையவை குறையுடையவை என்னும் விதி ரசிகரிடையே வழங்குகிறது. 1982, 1986, 1991, 1996 ஆகிய ஆண்டுகளின் படங்கள் இவ்விதிக்கு அரணாயின. 2002 இல் வந்த பத்தாம் படம் விதியைப் பொய்யாக்கியது. இத்தொடரைப் பகடி செய்து 1999 இல் வெளிவந்த ‘கேலக்ஸி குவெஸ்ட்’ படத்தையும் வரிசையில் சேர்த்தால் விதி பிழைக்கும் என்று ரசிகர்கள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

இவ்வளவுகோல்கள் சுவையானவை, ஆயினும் போதுமானவை அல்ல. கிர்க்கின் புகழுக்குச் சான்றாக முதலில் காட்டப்பெறும் 1982 ஆம் ஆண்டுப் படத்தில் அவர் கேப்டனே அல்லர். அட்மிரல் பதவியில் இருக்கிறார். கப்பலின் கேப்டன் ஸ்பாக். பதவியையோ செயல்வேகத்தையோ கொண்டு ஒரு கேப்டனை அளக்க இயலாது என்பதற்கு இதுவே சான்றாகும்.

2. கிர்க்: கல்லில் பொறித்த மூன்று சொற்கள்

1967 மார்ச்சில் ஒளிபரப்பான ‘தி டெவில் இன் தி டார்க்’ பகுதியில், சுரங்கத் தொழிலாளர் பலரைக் கொன்ற உயிர் ஒன்றை அழிக்கக் கிர்க் வருகிறார். ஹோர்ட்டா என்னும் அவ்வுயிர் சிலிக்கானாலாகிய உடலுடையது; பாறையைத் துளைத்துச் செல்வது. உயிரோடு பிடிக்கலாம் என்று ஸ்பாக் கூறியும் கொல்லுமாறே கிர்க் ஆணையிடுகிறார். ஆனால் தனியே அதன் எதிரில் நிற்க நேரும்போது நிலை தலைகீழாகிறது. சுடும்படி ஸ்பாக் வேண்ட, கிர்க் சுடாது நிற்கிறார். தொழிலாளர் அறியாது உடைத்தவை அதன் முட்டைகள் என்பதும், அது தன் மக்களைக் காக்கும் தாய் என்பதும் பின்னர்த் தெரியவருகின்றன.

ஸ்பாக்கின் உளத்தொடர்பு வழியாக மனித மொழியைச் சிறிது அறிந்த ஹோர்ட்டா, பாறையில் மூன்று ஆங்கிலச் சொற்களைப் பொறிக்கிறது. ‘இல்லை’, ‘கொல்’, ‘நான்’ என அவற்றின் பொருளைத் தனித்தனியே தரலாம். தன்னைக் கொல்லவேண்டா என்னும் வேண்டுகோளா, தான் கொல்லமாட்டேன் என்னும் உறுதிமொழியா என்று கிர்க் ஐயுறுகிறார். இவ்வையமே அப்பகுதியின் உயிர்நிலை. ஆங்கிலத்தில் வினை, இடம் காட்டும் விகுதி பெறாது நிற்பதால் இருபொருளுக்கும் இடமுண்டு. தமிழில் ‘கொல்லேன்’ என்றால் உறுதிமொழி. ‘கொல்லாதீர்’ என்றால் வேண்டுகோள். முற்றுவினையைப் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பாளர் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறார். தீர்க்கும்போதே காட்சியையும் அழித்துவிடுகிறார். ‘கொலை இல்லை நான்’ என்பதுபோல் வினையைப் பெயராக்கினால் மட்டுமே ஓரளவு ஐயம் எஞ்சும்.

அதே ஆண்டு சனவரியில் வந்த ‘அரீனா’ பகுதியிலும் இத்தகைய திருப்பத்தைக் காணலாம். பல்லியுருவினரான கோர்ன் இனத்தின் கேப்டனோடு கிர்க் தனித்துப் போரிட நேர்கிறது. இருவருக்கும் தரப்பட்ட கருவி பேச்சைப் பதிவு செய்வதோடு மொழிபெயர்க்கவும் செய்யும். கிர்க் தமக்குள் உரைப்பதாகக் கருதிப் பதிவு செய்தவற்றை எதிரி கேட்டுக்கொண்டிருக்கிறார். பின்னர் அக்கருவி வழியாகவே தம் தரப்பைச் சொல்கிறார். மனிதர் தம் எல்லைக்குள் நுழைந்தனர் என்பதே கோர்ன் தரப்பின் குற்றச்சாட்டு. வென்ற பின் கிர்க் கொல்ல மறுப்பதற்கு இப்பேச்சே காரணம். செயல்வீரர் எனப்படும் கிர்க்கின் சிறந்த செயல்கள் இரண்டும் செயலைத் தவிர்த்தமையால் விளைந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

3. பிக்கார்ட்: சுட்டுப்பெயரும் தன்மைப் பன்மையும்

பிக்கார்டைப் பொறுத்தவரை இச்சிக்கல் வெளிப்படையாகவே இலக்கணத்தைச் சார்ந்துள்ளது. 1989 இல் வந்த ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ பகுதியில், டேட்டா என்னும் இயந்திர மனிதர் உடைமையா, உரிமையுடைய ஆளா என்பது வழக்காகிறது. டேட்டாவைப் பிரித்தாய விரும்பும் அறிவியலாளர் தொடக்கமுதல் அஃறிணைச் சுட்டால் குறிப்பிடுகிறார். பிக்கார்டின் வாதம் வென்றபின் அவர் வாயிலிருந்து உயர்திணைச் சுட்டு வருகிறது. நீதிபதி அம்மாற்றத்தை எடுத்துக்காட்டுகிறார். ஒரு சுட்டுப்பெயரே அப்பகுதியின் உச்சமாக அமைகிறது.

1992 இல் வந்த ‘ஐ, போர்க்’ பகுதி தன்மைப் பெயரைக் களமாகக் கொண்டது. போர்க் என்பது தனிமனித உணர்வற்ற கூட்டினம். அதிலிருந்து பிரிந்து கப்பலுக்கு வந்த ஓர் இளையவர் தம்மைப் பன்மையாலேயே சுட்டுகிறார். அவரை நோய்க்கிருமி போலப் பயன்படுத்திப் போர்க் இனம் முழுவதையும் அழிப்பது பிக்கார்டின் திட்டம். முன்பு போர்க்கால் பிடிக்கப்பட்டு அவ்வினத்தில் ஒருவராக்கப்பட்டிருந்த அவர், அப்பழைய தோற்றத்தை மேற்கொண்டு இளையவரைச் சோதிக்கிறார். தம் நண்பரைப் போர்க்காக மாற்ற உதவ மறுக்கும் இளையவர் அப்போது ஒருமையில் பேசுகிறார். பிக்கார்ட் திட்டத்தைக் கைவிடுகிறார்.

ஆங்கிலத்தில் இங்குள்ள மாற்றம் பன்மையிலிருந்து ஒருமைக்குச் செல்லும் ஒரே படி. தமிழிலோ மூன்று படிகள் உள்ளன. மனிதரிடம் பேசும் போர்க்கின் பன்மை ‘நாங்கள்’. கேட்போர் அதில் அடங்கார். தம் இனத்தவராக நடிக்கும் பிக்கார்டிடம் பேசும்போது அது ‘நாம்’ ஆகும். அதன்பின் வருவது ‘நான்’. ‘நாம்’ என்பதன் உளப்பாட்டை மறுத்துப் பிறக்கும் ‘நான்’ மூலத்தினும் ஆற்றல் மிக்கதாக ஒலிக்கும். மொழிபெயர்ப்பால் மூலம் இழப்பதே வழக்கம் என்னும் பொதுக்கருத்துக்கு இது விலக்காகும்.

1991 இல் வந்த ‘டார்மோக்’ பகுதியில் டமாரியர் தம் பழங்கதை மாந்தரின் பெயர்களைக் கொண்டே பேசுகின்றனர். கருவி சொற்களைத் தருகிறது. பொருளைத் தர இயலவில்லை. ‘அவன் ஒரு விபீடணன்’ என்னும் தொடரை இராமகதை அறியாதவர் கேட்டாற் போன்றது இது. கதை வடிவில் மட்டும் பேசும் மக்கள் அக்கதைகளை முதலில் எம்மொழியில் கற்றனர் என்று கேட்போர் உண்டு. அவ்வினா நியாயமானதே. எனினும் சொல் தெரிந்தும் பொருள் புரியாத நிலையைக் காட்சியாக்கியதில் இப்பகுதியின் சிறப்பு உள்ளது. இறக்கும் நிலையிலுள்ள டமாரியக் கேப்டனுக்குப் பிக்கார்ட் கில்காமேஷ் கதையைச் சொல்வது, மற்றவர் மொழியில் விடையிறுக்கும் முயற்சியே ஆகும்.

4. பிற கேப்டன்கள்

சிஸ்கோ 1993 இல் தொடங்கிய தொடரின் தலைமை மாந்தர். காலத்தை முன்பின்னாக உணராத உயிர்களுக்கு அவர் பேஸ்பால் ஆட்டத்தைக் கொண்டு காலத்தை விளக்குகிறார். அவ்வுயிர்களைப் பஜோர் மக்கள் தீர்க்கதரிசிகள் என்பர். விண்படையினர் அயலுயிர் என்பர். சிஸ்கோ ஒரு பெயரிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல நகர்வதே அத்தொடரின் உள்ளோட்டம் எனலாம்.

ஜேன்வேயைப் பற்றிய பகுதி இக்கட்டுரையின் கருத்துக்குத் தடையாகத் தோன்றலாம். 1996 இல் வந்த ‘டூவிக்ஸ்’ பகுதியில் இரு குழுவினர் ஒன்றாகக் கலந்து புதிய ஒருவர் தோன்றுகிறார். அவரை எல்லாரும் ‘அவர்’ என்றே ஏற்கின்றனர். ஆயினும், வாழ விரும்புவதாக அவர் மன்றாடியும், முன்னைய இருவரை மீட்பதற்காக அவரைப் பிரிக்க ஜேன்வே முடிவு செய்கிறார். மருத்துவர் மறுக்கவே தாமே அதனைச் செய்கிறார். ரசிகர்கள் இன்றும் இது கொலையா என்று வாதிடுகின்றனர். உயர்திணை வழங்கியமை மட்டுமே உயிரைக் காவாது என்பதனை இப்பகுதி காட்டுகிறது. ஆனால் அவ்வாறு வழங்கியதனாலேயே அச்செயல் தாங்கவொண்ணாததாகிறது. டூவிக்ஸ் ‘அது’வாகவே இருந்திருப்பின் விவாதத்துக்கு இடமிராது.

5. திரைப்படங்கள்

இந்நோக்கில் படங்களின் வரிசையும் மாறுகிறது. 1979 இல் வந்த முதல் படம் மந்தமானது என ரசிகர் பலர் ஒதுக்குவர். அதில் வீஜர் என்னும் பேரறிவு, கப்பலையே உயிராகவும் மனிதரைக் கப்பலில் தொற்றிய கார்பன் அலகுகளாகவும் கருதுகிறது. மனிதரே அஃறிணையாக்கப்படும் இத்தலைகீழ் நிலை வேறெந்தப் படத்திலும் இவ்வளவு தெளிவாக இல்லை. வீஜர் தன் பேச்சாளராக அனுப்புவது, கப்பல் அதிகாரி ஐலியாவின் உருவில் அமைந்த இயந்திரம். அவ்வேடத்தில் இந்திய நடிகை பெர்சிஸ் கம்பாட்டா நடித்தார். ‘வாயேஜர்’ என்னும் பெயரின் இடையெழுத்துகள் மறைந்ததால் ‘வீஜர்’ பிறந்தது என்பது இறுதியில் விளங்குகிறது. சிதைந்த ஏட்டை மூலபாடமாகக் கொண்டு வாழ்ந்த உயிர் அது.

1986 ஆம் ஆண்டுப் படத்தில் பூமிக்கு வரும் விண்கருவி மனிதரைப் பொருட்படுத்தாது திமிங்கிலங்களையே விளிக்கிறது. திமிங்கில ஒலியைப் போலச் செய்யலாம், மொழியைப் போலச் செய்ய இயலாது என்று ஸ்பாக் கூறுவது மொழிபெயர்ப்பாளர் மனங்கொள்ளத்தக்கது.

1991 ஆம் ஆண்டுப் படத்தில் கிர்க்கே சோதனைக்கு உள்ளாகிறார். தம் மகனைக் கொன்ற கிளிங்கான் இனம் அழிந்தால் அழியட்டும் என்று அவர் கூறிவிடுகிறார். விருந்துக் காட்சியில் ‘மனித உரிமை’ என்னும் தொடரே இனப்பாகுபாடு உடையது என்று கிளிங்கான் பெண்ணொருத்தி சாடுகிறாள். படத்தின் முடிவில் கிர்க் தம் பதிவில் ‘மனிதன்’ என்பதை ‘எவரும்’ எனத் திருத்துகிறார். 1987 ஆம் ஆண்டுத் தொடரின் முன்னுரையில் முன்னரே நிகழ்ந்த திருத்தம், கதைக்குள் கிர்க்கின் வாயால் காரணம் பெறுகிறது.

மாறாக, 1996 ஆம் ஆண்டுப் படத்தில் பிக்கார்ட் பின்செல்கிறார். போர்க்காக மாற்றப்பட்ட தம் குழுவினர் ஒருவரையே பழிவெறியால் சுட்டு வீழ்த்துகிறார். உடலில் எஞ்சிய சீருடையை மற்றொருத்தி காட்டும்போதுதான் அவருடைய பெயரை உரைக்கிறார். ‘ஐ, போர்க்’ பகுதியில் வழங்கிய திணையை அவரே பறிப்பதனால் அப்படம் அச்சுறுத்துகிறது. சண்டைக் காட்சிகள் அதற்குப் பின்னரே.

6. திணையும் மொழிபெயர்ப்பும்

கிளிங்கான் மொழியை 1984 ஆம் ஆண்டுப் படத்திற்காக வளர்த்தெடுத்த மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட், 1985 இல் அதன் அகராதியை வெளியிட்டார். அதன் இலக்கணத்தில் பன்மை விகுதி பெயரின் வகைக்கேற்ப மாறும். மொழியைப் பயன்படுத்தவல்ல உயிர்களுக்கு ‘பு’, உடலுறுப்புகளுக்கு வேறொன்று, ஏனையவற்றுக்குப் பொதுவாக ‘மேய்’. உடைமை விகுதிகளும் இவ்வாறே பிரியும். பேசவல்லவருக்குப் பேசாதவற்றின் உடைமை விகுதியை இடுவது இழிவாகக் கருதப்படும்.

தொல்காப்பியம் உயர்திணைக்கு மக்கட்சுட்டை அடிப்படையாகக் கொண்டது. நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் வைத்தது. ஓக்ராண்டின் இலக்கணம் மொழியாற்றலை எல்லையாக்கியது. உயர்திணையின் எல்லை விரிவடையக் கூடியதே என்பதனை இம்மூன்றும் காட்டுகின்றன.

தமிழில் பெயர்ப்பவருக்குரிய இடர் காலம் பற்றியது. ஆங்கில வினை திணை காட்டாது. ‘உயிர்’, ‘படைப்பு’ போன்ற பொதுப்பெயர்களைக் கொண்டு முடிவைத் தள்ளிப்போடலாம். தமிழில் ‘வந்தது’, ‘வந்தான்’, ‘வந்தார்’ என்னும் முதல் வினையிலேயே முடிவு செய்தாக வேண்டும். மரியாதை கருதித் தொடக்கத்திலேயே ‘வந்தார்’ என எழுதினால் கேப்டனின் மனமாற்றம் புலப்படாது. இறுதிவரை ‘வந்தது’ என எழுதினால் மாற்றமே நிகழாது. மூலத்தில் மாந்தர் மனம் திரும்பும் இடத்தைக் கண்டறிந்து அங்கேயே விகுதியை மாற்றுவதே தக்க நெறியாகும். குழந்தையை அன்போடு ‘அழுகிறது’ எனும் வழக்கு தமிழில் உண்டாதலின், அஃறிணை எங்கும் இகழ்ச்சியாகாது என்பதும் நினைக்கத்தக்கது.

மதிப்புச் சொற்களிலும் இதே கவனம் வேண்டும். 1982 ஆம் ஆண்டுப் படத்தில் பெண் அதிகாரி ஆணுக்குரிய அடைமொழியால் அழைக்கப்படுகிறார். ஜேன்வேயோ 1995 ஆம் ஆண்டின் முதற்பகுதியில் அத்தகைய விளியை விரும்பாது ‘கேப்டன்’ என்றே அழைக்கச் சொல்கிறார். இரண்டையும் ‘அம்மா’ என்று பெயர்த்தால் பதின்மூன்று ஆண்டு இடைவெளி மறைந்துவிடும்.

7. முடிவுரை

இத்தொடர்களில் எல்லா மொழிகளையும் நொடியில் பெயர்க்கும் கருவி ஒன்று இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. கதை தடையின்றிச் செல்ல அது உதவும். ஆனால் ரசிகர் நினைவில் நிலைத்த பகுதிகள் பல, அக்கருவி பயன்படாத அல்லது போதாத இடங்களில் தோன்றியவை. மொழிபெயர்ப்பைப் பொறிகள் செய்யும் இக்காலத்தில் இவ்வுண்மை புனைவோடு முடிவதில்லை. பொறி சொல்லைத் தரலாம். எதிரிலிருப்பவருக்கு எத்திணை உரியது என்னும் முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் மனிதரே.

1991 ஆம் ஆண்டுப் படத்தில் ஷேக்ஸ்பியரின் மூலம் கிளிங்கான் மொழியிலுள்ளது என்று ஒரு மாந்தர் நகைச்சுவையாகக் கூறுவார். அதனை மெய்யாகவே ஏற்று, ‘ஹாம்லெட்’ நாடகத்தை ரசிகர்கள் கிளிங்கானில் பெயர்த்து 1996 இல் வெளியிட்டனர். எதிரியாகப் படைக்கப்பட்ட இனத்தின் மொழியைக் கற்று அதில் எழுத முனைந்த இவர்கள், கேப்டன்களிடம் எதிர்பார்த்ததைத் தாமே செய்தனர். சிறந்த கேப்டன் யார் என்னும் வினாவுக்கு ரசிகர்கள் சொல்லால் தந்த விடைகளைவிட, செயலால் தந்த இவ்விடையே தெளிவானது.