சொல்லும் சாட்சியும்: ஆங்கிலச் சொற்கல்வி பற்றிய ஒரு நோக்கு

சொல், கருத்து, வாக்கியம் என மூன்று நிரல்களாகக் கோடு கீறப்பட்ட கொப்பியொன்று ஆங்கிலம் படிக்கும் எமது பிள்ளைகள் பலரிடமும் உண்டு. முதலாவது நிரலில் ஆங்கிலச் சொல் இருக்கும். இரண்டாவதில் அகராதியிலிருந்து எடுத்த கருத்து இருக்கும். மூன்றாவது நிரல் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். அல்லது புத்தகத்திலுள்ள வாக்கியம் அப்படியே பார்த்தெழுதப்பட்டிருக்கும். கடினமான ஆங்கிலச் சொற்களை நூற்றுக்கணக்கில் மனனம் செய்தவர் நேர்முகப் பரீட்சையில் நாலு வார்த்தை பேசத் தடுமாறுவதற்கும், ஆங்கிலக் கவிதையொன்றைத் தமிழுக்குக் கொண்டுவர முனையும் எம்மவர் சிலர் சறுக்கி விழுவதற்கும் உரிய காரணத்தை அந்த மூன்றாவது நிரலில்தான் தேட வேண்டும் என்பது எனது எண்ணம்.

'நொட்டோரியஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'பேர்போன' என்று கருத்தெழுதிய மாணவனொருவன், 'எனது மூத்தவாப்பா எங்கள் ஊரில் நொட்டோரியஸான மனிதர்' என வாக்கியம் அமைத்தால் இலக்கணப் பிழை எதையும் காண முடியாது. ஆனால் பள்ளிவாசலுக்குக் காணி கொடுத்த அந்த மனிதரை அவன் ஊரறிந்த கெட்டவராக்கிவிட்டான். அவன் எழுதிய கருத்து பொய்யல்ல, அரைவாசி உண்மை. அச்சொல் கெட்ட பெயரோடுதான் சேரும் என்ற மீதி அரைவாசியை வாக்கியமே காட்டித்தரும்.

தமிழிலும் இதுவே நிலை. 'மரணம் சம்பவித்தது' என்கிறோம். 'கல்யாணம் சம்பவித்தது' என்று ஒருவர் எழுதினால் சிரிப்போம். சம்பவித்தல் என்றால் நடத்தல் என்று மட்டும் சொல்லிவிட்டால் இந்தச் சிரிப்புக்குக் காரணம் விளங்காது. எதற்கு எந்தச் சொல் என்பதைக் கேட்டும் வாசித்துமே நாம் அறிந்துகொண்டோம்.

இது எமது அறிவு மரபுக்குப் புதிய செய்தியல்ல. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-கலீல் இப்னு அஹ்மதின் 'கிதாபுல் அய்ன்' அரபு மொழியின் முதலாவது அகராதியாகக் கொள்ளப்படுகிறது. அதிலிருந்து, இப்னு மன்ழூர் 1290இல் நிறைவு செய்த 'லிஸானுல் அரப்' வரை, சொல்லின் பொருளை நிறுவக் குர்ஆன் வசனமோ பழங்கவிதையின் அடியோ காட்டப்படுவதைக் காணலாம். அவ்வாறு காட்டப்படும் ஆதாரத்துக்கு அரபு அறிஞர்கள் இட்ட பெயர் 'ஷாஹித்'. சாட்சி என்பது அதன் பொருள். வரைவிலக்கணம் என்பது அகராதிக்காரர் சொல்வது. அது உண்மையென்று வந்து நிற்பது சாட்சி. கண்டவரே சாட்சி சொல்லலாம் என்ற நியதி இங்கும் பொருந்தும்.

ஆங்கில அகராதிக் கலையும் இவ்வழியிலேயே வளர்ந்தது. 1755இல் வெளியான சாமுவேல் ஜோன்சனின் அகராதியில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள் இருந்தன. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதிக்கு, ஊர்பேர் தெரியாத வாசகர்கள் பலர் தாம் படித்த நூல்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி அனுப்பினர். ஆயின் இவை ஆங்கிலம் அறிந்தோருக்கானவை. வலைப்பின்னலைக் குறிக்கும் எளிய சொல்லுக்கு ஜோன்சன் எழுதிய வரைவிலக்கணம் அச்சொல்லைவிடப் பன்மடங்கு கடினமானது. புதிதாகக் கற்பவர் அதனுள் புகுந்தால் மேலும் மூன்று சொற்களுக்கு அகராதி புரட்ட நேரிடும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு டாக்காவிலும் டோக்கியோவிலும் தேடப்பட்டது என்பது கவனத்துக்குரியது. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு படும் பாட்டைக் கண்டவர். 1935இல் அவர் வெளியிட்ட அகராதியில் ஏறத்தாழ 24,000 சொற்களும் தொடர்களும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கப்பட்டன. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹோர்ன்பி தமது சகாக்களுடன் 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியே 1948இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாகி உலகெங்கும் பரவியது. எம்மைப் போன்ற கீழைத்தேய மாணவரின் தடுமாற்றத்திலிருந்து பிறந்தவை இந்நூல்கள்.

எனினும் இவ்வகை நூல்களில் வந்த உதாரண வாக்கியங்களில் பெரும்பாலானவை ஆசிரியர் மேசையில் ஆக்கப்பட்டவை. எவரும் எவரிடமும் ஒருபோதும் சொல்லாத வாக்கியங்கள் அவற்றுள் உண்டு. பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோன் சின்கிளேயர் தலைமையில் உருவாகி 1987இல் வெளியான 'கோபில்ட்' அகராதி இதனை மாற்ற முற்பட்டது. கணினியில் திரட்டிய உண்மையான எழுத்திலும் பேச்சிலுமிருந்து அது வாக்கியங்களை எடுத்தது. வரைவிலக்கணத்தையே முழு வாக்கியமாக எழுதியது. 'செட் இன்' என்ற தொடர் 'தொடங்குதல்' என்று மட்டும் பொருள்படுவதில்லை. அழுகல், விரக்தி, மோசமான காலநிலை போன்ற வேண்டாத விடயங்கள் தொடங்கி நிலைகொள்வதையே அது பெரும்பாலும் குறிக்கிறது என்பதைச் சின்கிளேயர் இத்தகைய சாட்சிகளைக் கொண்டே எடுத்துக்காட்டினார். உண்மை வாக்கியங்களிலும் குறையுண்டு. முன்பின் தொடர்பின்றி வெட்டியெடுக்கப்பட்ட வாக்கியம் கற்பவரைக் குழப்பவும் கூடும். ஆயினும் குழப்பும் சாட்சியை விசாரிக்கலாம். பொய்ச் சாட்சியை என்ன செய்வது?

எந்தச் சொற்களைக் கற்கிறோம் என்ற வினாவும் இங்கு எழுகிறது. சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்கு 'கடுவ', அதாவது வாள் என்றொரு பெயருண்டு. அம்மொழி இல்லாதவனை அது வெட்டும் என்ற வேதனை அப்பெயரில் ஒலிக்கிறது. அந்த வாளுக்கு அஞ்சிய எம்மவர், பளபளக்கும் சொற்களைத் தேடி ஓடுகின்றனர். ஆனால் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் உள்ளவை 570 சொற்குடும்பங்களே. உயர்கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அவற்றுள் அடங்குகிறது. 'அஸ்யூம்', 'டிரைவ்', 'இம்ப்ளை' போன்ற ஆரவாரமற்ற சொற்கள் அவை. தூக்கத்தில் நடப்பவனுக்கு லத்தீன் வழிவந்த நீண்ட சொல்லை அறிந்த மாணவன், 'இம்ப்ளை' என்பதைச் சரியாகக் கையாளத் தெரியாமல் பல்கலைக்கழகம் போனால் அவனைக் காப்பாற்ற அந்த நீண்ட சொல் வராது.

அப்படியானால் அகராதியை மனனம் செய்வது வீண்தானா? மல்கம் எக்ஸின் வாழ்வு இதற்கு விடை தருகிறது. 1965இல் வெளியான அவரது சுயசரிதையில், நோர்ஃபோக் சிறையில் அகராதியின் முதற் பக்கத்திலிருந்து தொடங்கி, நிறுத்தக்குறிகள் உட்பட, கையால் பிரதிசெய்த கதை வருகிறது. கடிதங்களில் தாம் நினைத்ததைச் சொல்ல முடியவில்லையே என்ற தவிப்பே அவரை அதற்குத் தூண்டியது. இந்நிகழ்ச்சியைப் பலரும் உழைப்புக்கு உதாரணமாகச் சொல்வர். அதன் மறுபாதி அதிகம் பேசப்படுவதில்லை. பிரதிசெய்த பின்னர் அவர் சிறை நூலகத்துப் புத்தகங்களுக்குள் புகுந்தார். வரலாறும் தத்துவமும் இரவிரவாக வாசித்தார். விளக்கணைத்த பின்னர் அறைக்கு வெளியிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் வாசித்தார். அகராதி அவருக்குச் சொற்களை அறிமுகம் செய்தது. அவற்றின் சாட்சிகளை அவர் புத்தகங்களில் கண்டார். சொல்வதற்கு ஒரு விடயம் அவரிடம் முன்னரே இருந்தது.

அறிஞர் சித்திலெப்பை ஆங்கிலக் கல்வியின் அவசியத்தை எமது சமூகத்துக்கு எடுத்துரைத்த காலத்தில், அம்மொழி மார்க்கத்தைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் தடையாக நின்றது. இன்று அந்த அச்சம் பெரிதும் நீங்கிவிட்டது. ஆனால் அம்மொழியில் நாம் எதைச் சொல்லப்போகிறோம் என்ற வினாவுக்கு எமது சொற்கொப்பிகளில் இடமில்லை.

'ரிலக்டன்ட்' என்ற சொல்லுக்கு 'விருப்பமற்ற' என்று எழுதி மனனம் செய்யும் மாணவியொருத்தி இருக்கிறாள் என வைத்துக்கொள்வோம். அவளது ராத்தா வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகப் புறப்பட்டபோது, உம்மா மறுக்கவுமில்லை, மனமார இணங்கவுமில்லை. நெடுநேரம் நிலத்தைப் பார்த்திருந்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார். அந்தத் தலையசைப்பே 'ரிலக்டன்ட்' என்று ஆசிரியர் காட்டிக்கொடுத்தால், அவள் அச்சொல்லை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள். செய்ய விருப்பமில்லை, ஆனாலும் செய்கிறோம் என்ற நுண்பொருளும் அவளுக்கு விளங்கிவிடும். மூன்றாவது நிரலில் அவள் எழுதும் அந்த வாக்கியத்துக்கு அவளே ஷாஹித்.

எனவே ஆசிரியர்கள் நாளொன்றுக்கு இருபது சொல் என்ற கணக்கைக் கைவிட்டு, மூன்று சொல்லோடு மூன்று சொந்த வாக்கியம் என்ற கணக்குக்கு வருவது நன்று. முதலில் நம்பத்தகுந்த அகராதியொன்றின் வாக்கியம், அடுத்து வாசிப்பில் எதிர்ப்பட்ட வாக்கியம், இறுதியில் தன் வீட்டிலும் தெருவிலும் கண்டெடுத்த வாக்கியம் என்ற ஒழுங்கு போதும். படைப்பாளிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் இதிலிருந்து விலக்கானவர்களல்லர். சொல்லை அதன் கருத்தோடு மட்டும் அறிந்தவர் மொழிபெயர்த்தால் கருத்து மட்டுமே வந்து சேரும். கவிதை அங்கேயே தங்கிவிடும்.