ராடு எல்லோருக்கும் ஒரே உயரம்

கிடக்கும் எடையைக் குனிந்து பிடித்து நிமிரும் டெட்லிஃப்ட் போட்டியின் மேடையில் யார் வந்து நின்றாலும் ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில்தான் கிடக்கும். பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதன் நடுவில் ராடு. ஐந்தடி உயரக்காரருக்கும் அதே அளவு, ஆறடிக்காரருக்கும் அதே அளவு. ராடு யாருக்காகவும் ஏறி இறங்காது. வளைந்துகொடுக்க வேண்டியது தூக்குபவரின் உடம்புதான். அந்த உடம்புகளோ ஒன்றுபோல் இல்லை.

ஆனால் நம் ஊரில் பயிற்சி ஒன்றுபோல்தான் நடக்கிறது. ஒன்றரை ஷிப்ட் முடித்த பையன்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்து நிறையும் திருப்பூர் ஜிம்களில், "இடுப்பை எறக்கு தம்பி, இன்னும் எறக்கு" என்ற மாஸ்டரின் குரலைக் கேட்காமல் வர முடியாது. 80, 85, 90, 95 என்று ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு சைஸ் பிரித்துப் பனியன் தைக்கிற ஊர் இது. இங்கே டெட்லிஃப்ட் மட்டும் ஒரே சைஸில் கற்றுத்தரப்படுகிறது.

அந்தக் குரலால் யாருக்குச் சேதம் என்று பார்ப்போம். டெட்லிஃப்டில் மாறாத விதிகள் சில உண்டு. ராடு பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே, ஏறத்தாழ ஷூ லேஸ் முடிச்சுக்கு மேலே இருக்க வேண்டும். கை மடங்கக் கூடாது. தோள்பட்டை எலும்பு ராடுக்கு மேலே வர வேண்டும். மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கி, முதுகு கூன் விழாமல் பிடிக்க வேண்டும். இவற்றை உறுதிசெய்துவிட்டால் இடுப்பு எந்த உயரத்தில் நிற்கும், முதுகு எவ்வளவு சாயும் என்பதைத் தொடை, கணைக்கால், முண்டம், கை ஆகியவற்றின் நீளம் தானே முடிவு செய்துவிடும். மாஸ்டர் சொல்லி மாற்றக்கூடிய பங்கு அதில் மிகக் குறைவு.

தொடை நீளமாகவும் முண்டம் குட்டையாகவும் உள்ள பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு இயல்பாகவே இடுப்பு உயரத்தில் நிற்கும், முதுகு தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகச் சாயும். பார்க்கும் மாஸ்டருக்கு அது தப்பாகத் தெரியும். "இடுப்பை எறக்கு" என்கிறார். அவன் இறக்குகிறான். முட்டி முன்னால் வருகிறது, கணைக்கால் எலும்பு ராடை விரல்பக்கம் தள்ளிவிடுகிறது. இழுக்கத் தொடங்கியதும் ராடு நகர்வதற்கு முன்பே இடுப்பு மட்டும் விருட்டென்று எழுகிறது. உடனே அடுத்த திட்டு: "இடுப்பு முதல்ல எழுந்திருச்சு பாரு!" அங்கே உடம்பு செய்தது தவறே இல்லை. தன் எலும்புக்கு ஏற்ற உயரத்தைத் தேடிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தேடலுக்குள் ராடு பாதத்தின் நடுவிலிருந்து விலகிவிட்டதால் அடிமுதுகு கூடுதல் விலை கொடுக்கிறது.

எவ்வளவு கூடுதல் என்பது எளிய கணக்கு. இடுப்பு மூட்டுக்கும் ராடுக்கும் இடையே கிடைமட்டமாக 25 சென்டிமீட்டர் இருந்த இடத்தில் 30 ஆனால், அதே 100 கிலோ இடுப்பின் மேல் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகத் திருகும். எடை மாறவில்லை, தூரம் மட்டும்தான் மாறியது.

கை நீளத்தின் பங்கை நம் பயிற்சியாளர்கள் இன்னும் குறைவாகவே கவனிக்கிறார்கள். கை நீளமானவர் குனிய வேண்டியது குறைவு, ராடை மேலே கொண்டுபோக வேண்டிய தூரமும் குறைவு. அளந்து பார்க்க நம் ஊரில் இஞ்ச் டேப்புக்கா பஞ்சம்? நிமிர்ந்து நிற்க வைத்து, ராடைப் பிடிப்பதுபோல் விரல்களை மடக்கிக் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். தரையிலிருந்து பிடிவரை அளந்து 22.5ஐக் கழித்தால் ராடு பயணம் செய்யும் தூரம் கிடைத்துவிடும். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு 47 சென்டிமீட்டரும் மற்றவருக்கு 53 சென்டிமீட்டரும் வரலாம். இருவரையும் ஒரே எடையில் நிறுத்தி ஒருவரைப் பலசாலி என்றும் மற்றவரைச் சோம்பேறி என்றும் முத்திரை குத்துவது அநியாயம்.

உடல்வாகு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு அமெரிக்காவின் லமார் கான்ட் நல்ல சாட்சி. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் உள்ளவர். நீளமான கை, வளைவால் சுருங்கிய முண்டம். அவர் 1985இல் 60 கிலோ பிரிவில் 300 கிலோ தூக்கினார். உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு டெட்லிஃப்ட் செய்த முதல் மனிதர் அவர். நிமிர்ந்து நிற்கும்போது எடை இழுக்க முதுகு மேலும் வளையும், அதனால் ராடு இன்னும் தாழ்வாகவே நின்றுவிடும். அவருடைய படத்தைப் பார்த்து யாராவது காப்பியடித்தால் என்ன ஆகும்? அந்த முதுகு அவருக்கு மட்டுமே உரியது.

காலை அகட்டி, கைகளைக் கால்களுக்கு உள்ளே இறக்கிப் பிடிக்கும் சுமோ முறை, நீளத் தொடைக்காரர்கள் பலருக்கு நல்ல வழி. தொடை பக்கவாட்டில் விரிவதால் இடுப்பு ராடுக்கு நெருங்கி வருகிறது, மார்பு நிமிர்கிறது, தூக்கும் தூரமும் குறைகிறது. "அது ஏமாத்து வேலை" என்று சொல்பவர்கள் எல்லா ஜிம்மிலும் இருக்கிறார்கள். சர்வதேச வலுதூக்கும் சம்மேளனத்தின் விதிப்புத்தகம் இரண்டு முறைகளையும் ஏற்கிறது. முட்டி பூட்டி, தோள் பின்னால் போய், நிமிர்ந்து நிற்க வேண்டும், நடுவில் ராடு கீழே இறங்கக் கூடாது. இதைத்தான் அது கேட்கிறது. காலை எவ்வளவு அகட்டலாம் என்று கேட்கவில்லை. நெல்லைச் சீமையில் வடலிவிளை போன்ற ஊர்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குபவர்களும் கல்லைக் கால்களுக்கு நடுவே வைத்துத்தான் அணைத்து எடுக்கிறார்கள். ஏமாற்று என்று அதை யாரும் சொன்னதில்லை. ஆனால் சுமோவும் எல்லோருக்குமான மருந்தல்ல. இடுப்பு மூட்டின் குழி ஆளுக்கு ஆள் வேறு. நாள் முழுக்கப் பவர் டேபிளில் உட்கார்ந்து ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவருக்குத் தொடையிடுக்கு இறுகியிருக்கும். அவரை முதல் நாளே அகட்டி நிறுத்தினால் தசை பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு குறை நம் ஜிம்களில் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. 22.5 சென்டிமீட்டர் என்பது பெரிய பிளேட் போட்டால்தான். புதிதாக வருபவருக்கு நாம் மாட்டுவது பத்து கிலோ இரும்பு பிளேட். அதன் விட்டம் பெரும்பாலும் ஓரடிக்குள்தான். ராடு ஏழெட்டு சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். அனுபவமே இல்லாதவர், தேர்ந்த வீரரைவிட ஆழமாகக் குனிந்து தொடங்குகிறார்! இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து உயர்த்தினால் தீர்ந்தது. நீளக்கால் பையனுக்கு அதற்கும் மேலே ஐந்து சென்டிமீட்டர் ஏற்றிக்கொடுத்து, மாதக்கணக்கில் மெல்ல இறக்கலாம். அடிப்பாகம் மெத்தென்ற ஓட்டப்பந்தய ஷூவைக் கழற்றச் சொன்னாலே பாதத்தின் ஆட்டம் பாதி அடங்கும்.

இப்போது பேச வேண்டியதன் காரணம், இந்த விளையாட்டுக்கு வருபவர்களின் வட்டம் விரிந்துவிட்டது. 2025 மே மாதம் கோவையில் நடந்த போட்டியில் பொள்ளாச்சியைச் சேர்ந்த 82 வயது கிட்டம்மாள் 50 கிலோ டெட்லிஃப்ட் செய்தார். பேரன்களைப் பார்த்துப் பயிற்சிக்கு வந்தவர் அவர். பாட்டியும் பேரனும் ஒரே ஜிம்மில் தூக்கும் காலத்தில், ஒரே நிலையை எல்லோர் மேலும் திணிக்க முடியாது.

ஜிம்முக்கு வெளியேயும் இதே கதைதான். பனியன் கம்பெனிகளின் காம்பாக்டிங், கட்டிங் பிரிவுகளில் துணி ரோல் தூக்கும் லோடுமேன்களுக்கு "முட்டியை மடக்கி உட்கார்ந்து தூக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்திய சுமைதூக்கும் சூத்திரத்தின்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலும் பரிந்துரை எடை 23 கிலோ. அதுவும் சுமை கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால். 50 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் பாதியாகிவிடும். நீளத் தொடைக்காரர் முட்டியை மடக்கி உட்கார்ந்தால் முட்டியே ரோலை வெளியே தள்ளுகிறது. அவர் ரோலின் ஒரு முனையைக் கால்களுக்கு நடுவே கொண்டுவந்து, முதலில் நிமிர்த்தி நிறுத்திவிட்டுத் தோளுக்கு மாற்றுவதே மேல். அனுபவசாலிகள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். புதிதாக வேலைக்கு வரும் இளைஞனிடம் அதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மாஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கவாட்டில் செல்போனை வைத்துப் படம் எடுங்கள். ராடு தரையை விட்டுக் கிளம்பும் நொடியில் இடுப்பும் தோளும் சேர்ந்து எழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். இடுப்பு முந்தினால் அடுத்த முறை அதை இரண்டு விரற்கடை உயர்த்தி நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்து எழும் இடம் கிடைத்ததும், கால் அகலத்தையும் பிடி அகலத்தையும் அந்தப் பையனின் பெயருக்கு நேரே நோட்டில் எழுதிவைத்துவிட்டு, பிறகு எடையை ஏற்றுங்கள்.